இல்லாத தேவாலயத்துக்குப் போகும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லியோன் நகரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நானும் என் மனைவியும் வரும் மே மாதம் பிரான்ஸ் போகிறோம். எனக்கு 57 வயது, அவளுக்கு 53. கோவையில் ஞாயிறு தோறும் சிறுவாணி சாலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவர்கள் நாங்கள். பிரான்ஸ் கிராமங்களில் நீங்கள் சைக்கிளில் சுற்றியதைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து, நாமும் ஒரு நான்கு நாள் போனால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

மகளும் மருமகனும் வேண்டாம் என்கிறார்கள். "கார் எடுத்தால் நாலு நாளில் இருபது இடம் பார்க்கலாம், சைக்கிளில் நாலு இடம்கூடத் தேறாது" என்கிறார் மருமகன். தவிர, எங்களுக்குக் கட்டடக்கலை தெரியாது. கிறிஸ்தவர்களும் இல்லை. பழைய தேவாலயங்களைப் பார்த்து என்ன புரிந்துகொள்ளப் போகிறோம்? சாலையில் கார்க்காரர்கள் எப்படி? மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. எந்தப் பக்கம் போகலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ரா., கோவை

*

அன்புள்ள ரா.,

மருமகன் கணக்கு தப்பில்லை. நானும் முதல் தடவை பர்கண்டி வட்டாரத்தில், பழைய பெரிய மடத்துக்குப் பேர்போன க்ளூனிக்குக் காரில்தான் போனேன். நண்பர் ஓட்டினார். வண்டியை நிறுத்தி, டிக்கெட் வாங்கி உள்ளே போனால் அங்கே தேவாலயம் இல்லை. எண்கோணக் கோபுரம் ஒன்றும், அதை ஒட்டி உயரமான ஒரு சிறகுப் பகுதியும் நின்றன. மீதி இடத்தில் புல், தெரு, வீடுகள். அறிவிப்புப் பலகைகளைப் படித்தேன். ஒரு மணி நேரத்தில் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டோம். மனதில் ஒன்றும் ஒட்டவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே இடத்துக்குச் சைக்கிளில் போனேன். அதே வெற்றிடத்தின் முன்னால் நின்றபோது தொண்டை அடைத்தது. இடையில் நான் எதையும் படித்துத் தேறவில்லை. அந்த முறை க்ளூனிக்கு முன்னால் இரண்டு நாள் சின்னச் சாலைகளில் மிதித்திருந்தேன், அவ்வளவுதான். உங்களையும் அதே வழியில் அனுப்பப் பார்க்கிறேன்.

லியோனிலிருந்து பிராந்திய ரயிலில் சைக்கிளோடு தூர்னு போய் இறங்குங்கள். சோன் நதிக்கரையில் சின்ன ஊர். ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிமிடத்தில் புனித ஃபிலிபெர் மடாலயம். நுவார்முத்தியே என்ற அட்லாண்டிக் தீவிலிருந்து வைக்கிங் கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து, தங்கள் புனிதரின் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த துறவிகள் 875-இல் வந்து சேர்ந்த இடம் இது. உள்ளே போனதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். கட்டடக்கலை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். கல்லால் வளைவுக் கூரை போட்டால் அதன் பாரம் நேரே கீழே இறங்காமல் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். நம் கோயில் மண்டபங்களில் தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பலகைக்கல் என்று அடுக்குவதால் பாரம் நேராக இறங்கிவிடுகிறது, இந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் பர்கண்டிக் கொத்தர்களின் தலைவலி முழுக்க இந்தத் தள்ளல்தான். தூர்னுவில் அவர்கள் வளைவுகளை நீளவாக்கில் போடாமல் குறுக்குவாக்கில், ஒன்றையொன்று முட்டுக்கொடுக்கும்படி வரிசையாகப் போட்டார்கள். பக்கச் சுவருக்கு வேலை குறைந்தது, அதில் ஜன்னல் திறக்க முடிந்தது. இளஞ்சிவப்புக் கல்லின்மேல் காலை வெயில் விழுவது அதனால்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கே மிதியுங்கள். டி14 என்ற சாலை ப்ரான்சியோன் வரை ஏறுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் கடைசிப் பகுதி மூச்சு வாங்கவைக்கும். கீழ் கியரில் போட்டு மெதுவாக மிதித்தால் போதும், தள்ளிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மேலே பழைய கோட்டை, பத்துப் பதினைந்து வீடுகள், குன்றின் நுனியில் ஒரு தேவாலயம். அங்கிருந்து இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடும். வழியெல்லாம் வெள்ளை வெளேரென்று ஷாரொலே மாடுகள், வேலிக்கு அந்தப் பக்கம் படுத்தபடி அசைபோடும். இறக்கம் முடிந்து நிமிர்ந்தால் வயலுக்கு நடுவே ஒரு கோபுரம் தெரியும். அதுதான் ஷப்பேஸ். ஊரே கைக்குள் அடங்கிவிடும். கோபுரம் மட்டும் 35 மீட்டர்.

ஷப்பேஸில் அவசரப்படாதீர்கள். கதவைத் தள்ளினால் திறக்கும். நான் போனபோது உள்ளே யாரும் இல்லை. ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் பாதிகூட அகப்படாத உருண்டைத் தூண்கள் இரு வரிசையில் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், தூண்கள் நேராக இல்லை, வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. முதலில் கண்ணின் பிழை என்றே நினைத்தேன். தூணில் கை வைத்து, கன்னத்தை ஒட்டி மேலே பார்த்தேன். சாய்வு நிஜம். காலையில் தூர்னுவில் பார்த்த அதே பாரம் இங்கே ஜெயித்திருக்கிறது. பழைய கூரை விழுந்து, அடுத்த நூற்றாண்டில் கூர்வளைவாகத் திரும்பக் கட்டினார்கள். சாய்ந்த தூண்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்தக் கல்லின் குளிர்ச்சி இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. யாரும் எனக்கு விளக்கவில்லை. காலையில் ஒரு கேள்வி, மதியம் அதற்கு இன்னொரு பதில், இடையில் என் கால்கள் கடந்த இருபது கிலோமீட்டர். காரில் வந்திருந்தால் இரண்டும் இரண்டு போட்டோவாகப் போயிருக்கும்.

க்ளூனியில் வாழ்ந்த ரவுல் கிளாபர் என்ற துறவி 11-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார்: ஆயிரமாவது ஆண்டைத் தாண்டியதும் உலகம் தன் பழமையை உதறிவிட்டு, தேவாலயங்களால் ஆன வெள்ளை ஆடையைப் போர்த்திக்கொண்டது போல இருந்தது என்று. இந்தப் பக்கம் மிதித்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மேடு ஏறினால் ஒரு கோபுரம், அடுத்த மேட்டில் இன்னொன்று.

முதல் இரவு கோர்மாத்தனில் தங்குங்கள். 17-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது, தங்கம் பூசிய அறைகள் உண்டு, பிடித்தால் பாருங்கள். மறுநாள் சாலையே வேண்டாம். சோன் கரையில் இருக்கும் ஷலோனிலிருந்து க்ளூனிக்குப் போன பழைய ரயில் பாதையைச் சைக்கிள் வழியாக மாற்றியிருக்கிறார்கள். ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே சுமார் 44 கிலோமீட்டர், 1997-இல் திறந்தது. இந்த மாதிரிப் பசுமை வழிகளுக்குப் பிரான்சில் இதுதான் முன்னோடி. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றமே தெரியாது. தேஸே கிராமம் வழியில் வரும். 1940-இல் சகோதரர் ரோஜே வந்து தங்கி, போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த இடம். இன்று அவர் தொடங்கிய துறவியர் குழுவைத் தேடிக் கோடையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருகிறார்கள். பாடல் நேரத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

அன்று மதியத்துக்குள் க்ளூனி. இப்போது அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று பாருங்கள். 910-இல் தொடங்கிய மடம். 1088-இல் அஸ்திவாரம் போட்ட அதன் மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம், கூரை சுமார் 30 மீட்டர் உயரம். ரோமில் புனித பேதுரு ஆலயத்தைப் புதிதாகக் கட்டும்வரை கிறிஸ்தவ உலகில் இதுதான் பெரியது. ஷப்பேஸின் தூண்களைச் சாய்த்த பாரத்தை இவ்வளவு உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள். 1125-இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, திரும்பக் கட்டினார்கள். அதன்பின் அறுநூறு வருடத்துக்கு மேல் நின்றது. பாரம் அதை வீழ்த்தவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798-இல் அதைக் கல் வியாபாரிகளிடம் விற்றார்கள். வெடி வைத்து, பெயர்த்து, வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். நடுக்கூடத்தின் குறுக்கே தெரு போட்டார்கள். நெப்போலியன் காலத்தில் வந்த குதிரைப் பண்ணைக்கும் இந்தக் கற்களே பயன்பட்டன. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

இரண்டு நாள் வழியில் அத்தனை சின்னத் தேவாலயங்களைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்தப் புல்வெளியைப் பார்க்க மனது பதைக்கிறது. யாருக்கும் பெரிதாகத் தோன்றாத ஷப்பேஸ் நிற்கிறது, இது போய்விட்டது.

மடத்தின் பழைய மாவுக் களஞ்சியத்துக்குக் கட்டாயம் போங்கள். மேல்தளத்தில், கவிழ்த்த படகு போன்ற மரக்கூரையின் கீழ், இடிபாட்டிலிருந்து மீட்ட எட்டுத் தூண்தலைகளை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தவை, இப்போது பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அவர்களின் பாட்டு முறையில் எட்டு வகை உண்டு, நமக்குப் பண்கள் இருப்பதுபோல. அந்த எட்டையும் மனித உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் நரம்பு வாத்தியத்தைத் தழுவிப் பிடித்து, குனிந்து, தந்தியில் விரல் வைத்திருக்கிறார். உங்கள் மனைவிக்குப் பாட்டில் ஈடுபாடு இருந்தால் அங்கிருந்து அவரைக் கிளப்புவது கஷ்டம்.

சரி, சாலைக்கு வருகிறேன். மிஷ்லன் சாலை வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்புச் சாலைகளைத் தொடவேண்டாம். மஞ்சள் பரவாயில்லை. வெள்ளைதான் உங்களுக்கு. அரை மணிக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். சாலை ஓரமாகப் பச்சைக் கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும், சாலைமேல் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையில் ஏற்றம். கார்க்காரர்கள் பொறுமையாகப் பின்னாலேயே வருவார்கள். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் மதிக்கிறார்கள். கிராமத்துக்குள் மட்டும் ஒரு விஷயம்: வேறு பலகை இல்லாவிட்டால் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அவர் நிற்கமாட்டார், நீங்கள்தான் நிற்கவேண்டும். க்ளூனிக்குத் தெற்கே ஓடும் என்79 லாரிகள் பறக்கும் சாலை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சாப்பாடு. ரொட்டிக் கடையில் "த்ரதிசியோன்" என்று கேட்டு வாங்குங்கள். 1993 அரசாணைப்படி மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்க ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அதன் அடிப்படை. முட்டை இல்லை. ப்ரியோஷ் என்ற வெண்ணெய் ரொட்டியில் முட்டை உண்டு, குரோசான்மேல் பல இடங்களில் முட்டை தடவுவார்கள். சீஸில் கவனம்: இந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் அருமையாக இருக்கும், ஆனால் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுதான் பழைய வழக்கம். மனைவிக்கு அது முக்கியமென்றால் விசாரித்து வாங்குங்கள். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், மற்ற நாளிலும் மதியம் இரண்டு மணி நேரம் ஊரே அடங்கிவிடும். ஒரு திங்கட்கிழமை அடுத்தடுத்து மூன்று கிராமங்களில் கடை பூட்டியிருந்து, நாலு மணிவரை நாலு உலர்ந்த அத்திப்பழத்தோடு மிதித்தேன். அன்றிலிருந்து பையில் எப்போதும் ஒரு வேளைச் சாப்பாடு. பிரான்சில் சைக்கிள் பயணத்துக்குத் தகப்பன் போன்றவர் போல் தெ விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார், அவரும் சைவம். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, கௌரவத்துக்காக மிதிக்காதே என்று சொல்லிவைத்தார். 57 வயதுக்கு இந்த மூன்றும் போதும்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்காவிட்டால் பிடித்துக்கொள்ளலாம். ஊர்ச் சதுக்கத்தில் முதல் உலகப்போர் நினைவுக்கல் இருக்கும். பெயர்களைப் படியுங்கள். முப்பது வீட்டு ஊரில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும். பக்கத்திலேயே பெண்கள் துணி துவைத்த கூரைபோட்ட கல்தொட்டி. நான் மதிய ரொட்டியை அந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். முழங்கால் போட்டுத் துவைத்த இடத்தில் கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

க்ளூனியில் இரண்டு இரவு தங்கிவிட்டு நான்காம் நாள் மாக்கோன் நோக்கிக் கிளம்புங்கள். பழைய ரயில் சுரங்கம் ஒன்றைக் கடக்கவேண்டும், 1.6 கிலோமீட்டர். வௌவால்கள் உறங்குவதற்காகக் குளிர்காலத்தில் மூடுவார்கள், மே மாதம் திறந்திருக்கும். உள்ளே குளிரும், மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்து சற்று இறங்கினால் பெர்ஸே-லா-வில். க்ளூனியின் மடாதிபதி யூக் ஓய்வெடுக்க வந்துபோன சிற்றாலயம் இங்கே இருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து மறந்துவிட்டார்கள், 1887-இல் அதன் அடியிலிருந்து ஓவியம் வெளிப்பட்டது. நீல வானத்தில் கிறிஸ்து, சுற்றிலும் சீடர்கள். இடித்துப்போட்ட அந்தப் பெரிய ஆலயத்தின் உள்ளே வண்ணம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இந்த ஒரு சுவர்தான் துணை.

மதியம் மூடிவிடுவார்கள், முன்பே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகனை அன்றைக்குக் காரில் பெர்ஸேவுக்கு வரச் சொல்லுங்கள். லியோனிலிருந்து ஒரு மணி நேரம்தான். அவருக்கு அந்தச் சுவரை நீங்கள் இருவரும் விளக்குங்கள்.

அன்புடன்