கொரியக் காரப் பன்றி இறைச்சியை மாவுச்சத்துக் குறைவாகச் சமைப்பது எப்படி?

ஜேயுக் போக்கும் என்பது மெல்லியதாக அரிந்த பன்றி இறைச்சியை, பெரும்பாலும் தோள் அல்லது வயிற்றுப் பகுதியை, கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதில் புரட்டி அதிகச் சூட்டில் வதக்கும் கொரிய வீட்டுச் சமையல். அவ்விழுதில் மிளகாய்த்தூள், புளித்த சோயா, உப்பு ஆகியவற்றோடு அரிசியோ கோதுமையோ, கடையில் வாங்குவதில் பெரும்பாலும் இனிப்புப் பாகும் சேர்வதால், இந்த உணவின் மாவுச்சத்து இறைச்சியிலிருந்து அன்றி விழுதிலிருந்தே வருகிறது.

எனவே அவ்விழுதுக்குப் பதிலாக, அரை கிலோ இறைச்சிக்கு 2 மேசைக்கரண்டி கோச்சுகாரு என்னும் கொரிய மிளகாய்த்தூளுடன் சோயா சாஸ், பூண்டு, இஞ்சி சேர்த்தால் போதும். இறக்கும்போது ஊற்றும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்ததாக இருக்க வேண்டும், நம் நல்லெண்ணெய் அந்த மணத்தைத் தராது.

முதலில் இறைச்சியை மட்டும் வாணலியிலிட்டு, கொழுப்பு உருகி ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்கிய பின்னரே மசாலாவைச் சேர்க்க வேண்டும். மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில் கரைபவை என்பதால் தனியே எண்ணெய் தேவைப்படாது. பாகு கலந்த விழுதை முன்னதாகவே சேர்த்தால், அடுப்பில் கவனிக்காமல் விட்ட வெல்லப்பாகு போல, இறைச்சி வேகும் முன்பே அது கருகிக் கசந்துவிடும். சோற்றுக்குப் பதில், கொரியர் வழக்கப்படியே லெட்யூஸ் இலையில் மடித்து உண்ணலாம்.

மாவுச்சத்துக் குறைந்தால் கலோரியும் குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் 100 கிராம் பச்சை வயிற்றுப்பகுதி இறைச்சியிலேயே ஏறத்தாழ 500 கலோரி உள்ளது.