சூடானதும் ஸ்டார்ட் ஆகாத டபிள்யூஆர்250எஃப்

முதலில் வால்வ் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பாருங்கள், அதற்கு முன் கார்பரேட்டரைக் கழற்றவே வேண்டாம். கொழும்பில் காலையில் வெள்ளவத்தையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் உங்கள் யமஹா டபிள்யூஆர்250எஃப் எண்டூரோ (காட்டுவழிப் பந்தய) பைக், கோட்டைக்குப் போய் சூடானதும் மறுக்கிறது என்கிறீர்கள். பழைய ஐந்து வால்வ் மாடலில் இன்டேக் வால்வ் (எரிபொருள் கலவையை உள்ளே விடுவது) தேய்ந்து இடைவெளி இறுகிவிட்டால் இப்படித்தான் வரும்.

என்ஜின் நன்றாக ஆறியபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். இன்டேக் 0.10 முதல் 0.15 மி.மீ., எக்சாஸ்ட் 0.17 முதல் 0.22. குறைவாக இருந்தால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வட்டத் தகடு) மாற்றலாம், ஆனால் கொஞ்ச நாளில் மறுபடி இறுகினால் அந்த வால்வ் முடிந்தது, மேலும் ஷிம் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். அளவு சரியாக இருந்தால் அப்புறம் கார்பரேட்டரைக் கழற்றி பைலட் ஜெட்டைப் (ஐடிலில் பெட்ரோல் விடும் சிறு துளை) பாருங்கள்.

"என்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த வகை பந்தய என்ஜினுக்கு கிலோமீட்டர் அல்ல, ஓடிய மணி நேரக் கணக்குதான் பொருந்தும். கொழும்பு–காலி வீதி நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகம் என்றால் 100 மணி நேரம் வெறும் 2,000 கி.மீ.தான், சிக்னலில் நிற்கும் நேரமும் அதில் சேரும். ஒயில் ஒரு லீட்டர் அளவுதான் பிடிக்கும், ரேடியேட்டருக்கு விசிறியும் இல்லை, பம்பலப்பிட்டியில் மாட்டிக்கொண்டால் என்ஜினை நிறுத்திவிடுங்கள். ஒயிலை அடிக்கடி மாற்றுங்கள், என்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றும் பூட்டுங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு இது உண்மையில் தவறான பைக், வேலைக்குப் போக மட்டும் என்றால் ஹோண்டா எக்ஸ்ஆர்250 போன்ற காற்றில் குளிரும் ட்ரெயில் பைக்கே போதும்.