யோகா வகுப்பில் 'உங்களுக்கென்றே' என்றால் எதற்குக் காசு?

கேள்வி: எனக்கு 54 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் வலி. எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த மையத்தில் 'அறிவியல் முறையில் தனிநபர் யோகா' என்று 12 வகுப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். மரபணு சோதனையும் உண்டாம், அதற்குத் தனிக் கட்டணம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாதம் 800 ரூபாய்க்கு முப்பது பேர் சேர்ந்து செய்கிறார்கள். எதில் சேரலாம்? (மதுரை வாசகி)

பதில்: முதலில் மரபணு சோதனையைக் கழித்துவிடுங்கள். எச்சிலைப் பரிசோதித்து, இந்த ஆசனம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும், அது ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் கிடையாது. யோகா ஆசிரியருக்கு உங்கள் பி.பி. அளவும் முழங்கால் நிலவரமும் தெரிந்தால் போதும்.

மிச்சம் 18,000 ரூபாய், வகுப்புக்கு 1,500. அந்த ஒரு மணி நேரமும் ஆசிரியர் உங்களையே பார்த்தால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பார்க்கிறாரா என்பதுதான் விஷயம்.

சில வருடங்களுக்கு முன் இடுப்பு வலியோடு ஓர் ஆசிரியையிடம் போனேன். பாயை விரிக்கச் சொல்வார் என்று பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். இடது கையைத் தொடையில் ஊன்றி நான் எழுந்ததைக் கவனித்தார். என்ன மாத்திரை, எத்தனை மணிக்குத் தூக்கம், காலையில் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று கேட்டார். "அரை மணி நேரம்" என்றேன். "நிஜமாகவா?" என்றார். பன்னிரண்டு நிமிடம் என்று ஒப்புக்கொண்டேன். ஓர் அரைத்தாளில் ஐந்து குச்சி மனிதர்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மூச்சு என்று எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்துப் போனபோது இரண்டை அடித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார். அப்படி அடித்தாரே, அதற்குத்தான் காசு.

இது புதுச் சரக்கும் அல்ல. 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கு வேகமான ஆசன வரிசைகளைக் கற்றுக்கொடுத்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் ஆளின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொடுத்தார். இன்ஜினியரிங் படித்த அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் பெயர் வாங்கியதும் இந்த வழியில்தான். யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் பழைய கதையே. மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் குவலயானந்தர் 1924லேயே கைவல்யதாமம் என்ற யோக ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, எக்ஸ்ரே வரை பயன்படுத்தி, பயிற்சியின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார். ஆகவே நோட்டீஸில் 'முதன்முறையாக' என்று இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, மொத்தமாகக் கட்டாமல் ஒரே ஒரு வகுப்புக்குக் கட்டிப் பாருங்கள். பி.பி. இருக்கிறதா என்று ஆசிரியர் தானாகக் கேட்கிறாரா? கேட்ட பிறகு கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேக மூச்சு, மூச்சை அடக்கி நிறுத்துவது, தலைகீழ் நிலை இவற்றை உங்களுக்கு ஒதுக்கிவிடுகிறாரா? முழங்கால் வலியோடு காலை மடக்கி வஜ்ராசனத்தில் உட்காரவைக்காமல் நாற்காலி போடுகிறாரா? கண்ணில் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உண்டா என்றும் கேட்டால் ஆள் விவரமானவர். தலை கீழே போனால் கண் அழுத்தம் ஏறும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

"மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அறிவியல் என்று போர்டு வைத்தவர் அளந்து பேச வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் மருந்தில்லா வழிகளை முயலச் சொன்ன அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ், 2017 வழிகாட்டுதலில் அந்த வரிசையில் யோகாவையும் சேர்த்தது. அவ்வளவுதான், 'குணமாக்கும்' என்று சொல்லவில்லை. பி.பி.க்கும் யோகா துணைதான். மாத்திரையைக் குறைப்பது உங்கள் டாக்டர் வேலை.

நானாக இருந்தால் 12 வகுப்பை வாங்க மாட்டேன். நான்கு கேளுங்கள், பதினைந்து நாளுக்கு ஒன்றாக, நடுவில் வீட்டுப் பயிற்சி. முடியாது என்றால், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். கல்யாண மண்டபம்? எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகு தாராளமாகப் போகலாம், நாலு பேர் துணை கிடைக்கும். முப்பது பேருக்கு நடுவில் உங்கள் முழங்காலை யாரும் பார்க்கப்போவதில்லை.

கேள்வி: '200 மணி நேர சர்வதேசச் சான்றிதழ்' வைத்திருப்பவர் யோகா சிகிச்சை தரலாமா? (கோவை வாசகர்)

பதில்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 25 நாளில் முடிகிற பயிற்சி அது. பெரும்பாலும் அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் பதிவைத்தான் 'சர்வதேச' என்கிறார்கள். அது ஒரு பதிவேடு, வைத்தியம் பார்க்க உரிமம் இல்லை. இங்கே ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அதன் தேர்வுகளில் பல நிலைகள் உண்டு, எந்த நிலை என்று கேளுங்கள். நோய்க்காகப் போகிறீர்கள் என்றால் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டம்) படித்தவரிடம் போவது நல்லது. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது.

கேள்வி: தனி வகுப்பு என்று சொல்லி ஒரு வருடத்துக்கு 40,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டாவது மாதமே பன்னிரண்டு பேரோடு ஜூமில் சேர்த்துவிட்டார்கள். கேட்டால் 'கட்டிய பணம் திரும்பத் தரப்பட மாட்டாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். (திருச்சி வாசகி)

பதில்: நீங்களாக அலுத்துப்போய் நின்றிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். இங்கே சொன்ன சேவையையே மாற்றிவிட்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இதைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம், பில்லில் ஒரு வரி அச்சடித்துவிட்டு அதிலிருந்து தப்பிவிட முடியாது. முதலில் மீதி மாதங்களுக்கான தொகையைக் கணக்குப் போட்டு, 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'தனி வகுப்பு' என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் நோட்டீஸை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்னால்.