மூக்குச் சதை அறுவை சிகிச்சை: ‘பேக்கேஜ்’ தொகையில் என்னென்ன அடங்கும்?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். என் கணவருக்கு சைனஸிலிருந்து இரண்டு மூக்குத் துளைகளிலும் சதை வளர்ந்திருக்கிறது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், எண்டோஸ்கோப் மூலம் அகற்ற ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சம்மதிக்கலாமா? பிறகு தகராறு வந்தால் கோவைக்குத்தான் அலைய வேண்டுமா?

பதில்: முதலில், ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை உங்கள் கணவர் இரண்டு மூன்று மாதங்களாவது நாள் தவறாமல் பயன்படுத்தினாரா என்று பாருங்கள். அப்படிப் பயன்படுத்தியும் அடைப்பு நீங்காமல், வாசனையும் தெரியாமல் இருந்தால், சி.டி. ஸ்கேன் பார்த்து அறுவை சிகிச்சைக்குப் போவது நியாயமே. ஆஸ்துமாவோ, ஆஸ்பிரின் மாத்திரை ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இளநுங்கு போல வெளிறித் தொங்கும் அந்தச் சதையை உறிஞ்சி வெட்டும் கருவியின் முனையில், சுமார் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் வடிவ பிளேடு இருக்கும். பொதுவாக ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய அந்த பிளேடுதான் பில்லில் ‘தனி’ என்று வந்து நிற்கும் முதல் பொருள். ஆகவே பிளேடு, மயக்க மருந்து, அகற்றிய சதையின் பயாப்ஸி, பிறகு மூக்கைச் சுத்தம் செய்யப் போகும் நாட்களின் கட்டணம் ஆகியவை தொகையில் சேர்ந்தவையா என்று வரிவரியாக எழுதி, கையெழுத்துடன் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

சதை திரும்ப வளரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை சைனஸின் வழியைத் திறந்துவிடுகிறதே தவிர, உட்சவ்வின் அழற்சியை வேரோடு போக்குவதில்லை. ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் நீண்ட காலம் தொடரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், பாலிசி எடுத்து 24 மாதம் கழிந்த பிறகே சைனஸ் சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசிகள் பல உண்டு என்பதால், தேதி குறிக்கும் முன் உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

தகராறு வந்தால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. அங்கே பேசப்போவது காகிதங்கள்தான். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், சி.டி. படத்தையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.