வாசகர் கேள்வி: பேருந்தில் கேட்ட கதையை எழுதலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். அண்மையில் பேருந்தில் அருகில் இருந்த அம்மா ஒருவர், இறுதிப் போரின்போது, 2009 இன் தொடக்கத்தில் இதே வீதியால் உழவு இயந்திரத்தில் பொருட்களை ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்ததையும், விசுவமடுவுக்கு அப்பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்ததையும் சொன்னார். இதைச் சிறுகதையாக எழுதலாமா, பயண அனுபவமாக எழுதலாமா?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: இரண்டாகவும் எழுதலாம், ஆனால் இரண்டையும் கலந்து எழுத வேண்டாம். அனுபவக் கட்டுரையென்றால், அந்த அம்மா வாய் திறந்து சொன்னதும் நீங்கள் கண்ணால் கண்டதும் மட்டுமே அதில் இருக்க வேண்டும். எழுதுவதற்கு அவருடைய சம்மதமும் வேண்டும். நடந்துசென்றபோது அவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று எழுதத் தொடங்கும்போதே நீங்கள் கதைக்குள் வந்துவிடுகிறீர்கள். என்னைக் கேட்டால், கதையாகவே எழுதுங்கள் என்பேன். வன்னியில் பெயரை மாற்றினால் மட்டும் ஒருவரை மறைத்துவிட முடியாது. எந்தச் சந்தியில் ஏறினார், எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளையை இன்னும் தேடுகிறார் என்று எழுதினாலே ஊர் அவரை அடையாளம் கண்டுவிடும். ஆகவே தொழிலை, குடும்பத்தை, ஏற்றிச்சென்ற பொருட்களைத் தாராளமாக மாற்றுங்கள். வீதியை மட்டும் மாற்றாதீர்கள். பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்ற வரிசை, போரின் முடிவில் முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டவர்களுக்குக் கால்களால் மனப்பாடமானது. அதில் ஓரிடம் முன்பின்னாக வந்தாலும் உங்கள் கதையின் எஞ்சிய பகுதியை அவர்கள் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்களுடன் பேருந்தில் வந்த அந்த அம்மா எதற்காகக் கிளிநொச்சிக்குப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. அடகு வைத்த நகையை மீட்கவா, ஆஸ்பத்திரிக்கா, மகளுக்குச் சம்பந்தம் பேசவா? எமக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை இழப்பைச் சொன்னதும் அந்த மனிதரை விட்டுவிடுகின்றன. அதன் பின்னும் அவர் வாழ்ந்த ஆண்டுகள், கட்டிய வீடு, தீராத கடன் எதுவும் அவற்றில் இல்லை. அன்று கிழக்கு நோக்கி நடந்தவர் இன்று மடியில் பையுடன், மிச்சக் காசுக்காக நடத்துநருடன் வாதாடிக்கொண்டு மேற்கு நோக்கிப் போகிறார். எனக்கு அங்கேதான் கதை தெரிகிறது.

கேள்வி: ஏ9 வீதிப் பயணமென்றால் வீதியோர முறிகண்டிப் பிள்ளையார் கோவிலும் அங்கு விற்கும் கச்சானும் (நிலக்கடலை)தான் எழுதப்படுகின்றன. வேறு எதை எழுதலாம்?
(வாசகர், துணுக்காய்)

பதில்: இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்குவது வாகனத்தில் போகிறவரின் அனுபவம். வறுத்து விற்பவரின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். அல்லது மாங்குளத்தில் இறங்கி மல்லாவிப் பக்கம் திரும்பும் உங்கள் சொந்த வீதியை எழுதுங்கள்.

கேள்வி: தமிழர்களுக்கு எதிரான 1977 வன்முறைக்குப் பின் என் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறினார்கள். வன்னியைப் பற்றிய கதைகளில் எங்களைப் போன்றவர்கள் கூலியாட்களாக ஓரத்தில் மட்டுமே வருகிறார்கள். எங்கள் கதையை யார் வாசிப்பார்கள்?
(வாசகர், தருமபுரம்)

பதில்: நான் வாசிப்பேன். தேயிலைத் தோட்டத்தின் குளிரிலிருந்து துரத்தப்பட்டு, இந்த வெயிலில் காடு வெட்டி, பிறருடைய வயலில் நெல் அறுத்து வாழத் தொடங்கியவர்களின் பயணம் வன்னியின் வரலாற்றில் ஓரத்தில் நிற்க வேண்டியதன்று. குளத்து நீர் பாயும் வயல்களில் வேலை செய்தும் தமக்கென்று நீர்ப்பாசனக் காணி இல்லாதிருந்ததையும், தாம் திருத்திய நிலத்துக்கே காணி உறுதிப் பத்திரத்துக்காக அலைந்ததையும் எழுதுங்கள். முன்னரே இங்கு வாழ்ந்த எங்களைப் போன்றவர்கள் கோவிலிலும் திருமணப் பேச்சிலும் உங்களை எப்படி ஒதுக்கினோம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாசித்துச் சிலர் கோபிப்பார்கள், கோபித்தாலும் எழுதுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வாகனத்தில், யாரை நம்பி உங்கள் பெற்றோர் புறப்பட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். முதற்படி எழுதியதும் எனக்கு அனுப்பிவையுங்கள்.