'ஓனர்' வந்த வழி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வீட்டு ஓனர், கடை ஓனர் என்று தினமும் சொல்கிறோம். இந்த 'ஓன்' எங்கிருந்து வந்தது?

பதில்: ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு அது, லத்தீனிலோ பிரெஞ்சிலோ வாங்கியதல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்றால் வைத்திருத்தல், 'ஆகென்' என்றால் சொந்தமான. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'ஐகென்' என்கிறார்கள்.

கேள்வி: கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' (owe) என்ற வினை இதற்கு உறவா சார்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. அந்த 'ஆகன்' தேய்ந்துதான் 'ஓ' ஆயிற்று. முதலில் அதற்கும் வைத்திருத்தல் என்றே பொருள்; ஷேக்ஸ்பியர் நாடகங்களில்கூட அப்படி வரும். 'கொடுக்க வைத்திருக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லி, கொடுக்கவேண்டிய பாக்கி என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் மெல்ல உதிர்ந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு: அதன் இறந்தகால வடிவம்தான் 'செய்தாக வேண்டும்' என்பதைக் குறிக்கும் 'ஆட் டு' (ought to). நம் 'கடன்' என்ற சொல்லைப் பாருங்கள். பால்காரருக்குத் தரவேண்டியதும் கடன்தான், காலைக்கடனும் நேர்த்திக்கடனும் கடன்தான். எனக்கு இந்த ஒற்றுமையில் தீராத வியப்பு.

கேள்வி: தப்பை ஒப்புக்கொள்வதை 'ஓன் அப்' என்கிறார்களே, அதில் சொந்தம் எங்கே வருகிறது?

பதில்: 'ஆமாம், இது என் வேலைதான்' என்கிறோம் இல்லையா, அந்த 'என்' தான் சொந்தம்.

கேள்வி: 'பிராப்பர்ட்டி'யும் இதே வேரா?

பதில்: இல்லை. அது லத்தீன் 'புரோப்ரியுஸ்', அதாவது தனக்கே உரியது. 'பிராப்பர்' அதன் உடன்பிறப்பு.

கேள்வி: சமஸ்கிருதத்தில் 'ஓன்' சொல்லுக்கு உறவு உண்டா ஐயா?

பதில்: உண்டம்மா, நாம் கும்பிடும் 'ஈசன்' தான். உடைமையாகக் கொள்ளுதல், ஆளுதல் என்ற பொருளுள்ள 'ஈஶ்' வேரிலிருந்து வந்தது அது. அந்த வேரும் 'ஆகன்' வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள். தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் இறைவனை எப்படிச் சொல்கிறான் தெரியுமா? 'ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார்'. கோயிலுக்கு ஓனர் அவர்தான். தன்னைக் கோயிலை எடுப்பித்தவனாகவும் கொடுத்தவனாகவும் மட்டுமே எழுதிவைத்தான் அரசன்.