இன்சிடியஸ்: மூன்றாம் பாகத்தை முதலில் பார்த்துவிட்டீர்களா?

'இன்சிடியஸ்' பேய்ப்படத் தொடரைக் கதைக் காலப்படி பார்க்கலாம் என்று மூன்றாம் பாகத்தில் தொடங்கியதாகவும், அடுத்து நான்காம் பாகமான 'த லாஸ்ட் கீ' பார்ப்பதா, முதல் படத்துக்குப் போவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து முதல் படத்துக்கே போங்கள்.

கதைக் காலப்படி 3, 4, 1, 2, 5 என்பது சரிதான். ஆனால் எடுத்தவர்கள் நம்மைப் பயமுறுத்தத் திட்டமிட்ட வரிசை அது இல்லை. முதல் படத்தில், ஆவிகளோடு பேசும் எலீஸ் யார் என்றே நமக்குத் தெரியாது. வீட்டில் நடப்பது என்னவென்று அதில் வரும் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் தவிக்க வேண்டும். குழந்தை அழுதால் கேட்பதற்காக அறையில் வைத்திருக்கும் பேபி மானிட்டரில் யாரோ கிசுகிசுக்கும் காட்சி அதனால்தான் அப்படிக் குலைநடுங்க வைக்கிறது. மூன்றாம் பாகம் பார்த்ததால் எலீஸை உங்களுக்குத் தெரிந்துவிட்டது, பரவாயில்லை. நான்காவதையும் பார்த்தால் மிச்சமிருக்கும் மர்மமும் போய்விடும்.

முதல் படம் முடிந்ததும் இரண்டாவதை உடனே, முடிந்தால் மறுநாளே பாருங்கள். முதல் படத்தில் இரவில் வாசல் கதவை யாரோ ஓங்கித் தட்டுவார்கள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விடை இரண்டாவதில் இருக்கிறது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் 2018-இல் வந்த 'த லாஸ்ட் கீ'. கடைசியாக 2023-இல் வந்த ஐந்தாம் பாகம் 'த ரெட் டோர்'. அது இரண்டாம் பாகத்தின் முடிவிலிருந்தே தொடர்வதால், அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.